தப்பாக வரைந்த தீவு

அன்பு மகளுக்கு,

பள்ளிக்கூடத்துக்காகப் பேரன் வரைந்த நம் தீவின் படம் கிடைத்தது. தாத்தா பார்த்துத் திருத்த வேண்டுமாமே. சரி, திருத்துகிறேன்.

முதலில் அந்த மஞ்சள் மணலை அழிக்கச் சொல். ஆக்லாந்தில் வளர்கிற பிள்ளை, தீவு என்றாலே சுற்றி மணல் இருக்கும் என்று நினைத்துவிட்டான். தென் பசிபிக் நடுவில் கிடக்கும் நம் பிட்கெர்ன் தீவு ஒரு பழைய எரிமலையின் தலை, கடலுக்கு மேல் தெரிகிறது, அவ்வளவுதான். நீளம் 3 கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதில் பாதி, உச்சியோ 347 மீட்டர். கரை முழுக்கச் செங்குத்துப் பாறை. அதனால்தான் கப்பல் தள்ளி நிற்கிறது, நாம் லாங்போட்டில் போய்ச் சாமான் இறக்குகிறோம். பவுன்டி விரிகுடாவில் நுழையும் முன் படகுக்காரர் அலையை எண்ணிக்கொண்டு காத்திருப்பாரே, அப்போதெல்லாம் நீ என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். அதையும் அவனிடம் சொல்.

விமானத்தையும் எடுத்துவிடட்டும். பிரெஞ்சு பொலினீசியாவின் மங்கரேவாத் தீவு வரை பறக்கலாம், அப்புறம் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல்தான்.

தப்பாக வரைந்துவிட்டோமே என்று அவன் வருத்தப்பட வேண்டாம். 1767இல் இந்தத் தீவைக் கண்ட ஆங்கிலேயக் கப்பல் தலைவர் கார்ட்டரெட்டே அதை வரைபடத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் குறித்தார். பவுன்டி கப்பலில் கலகம் செய்து அதைக் கைப்பற்றிய மாலுமிகளுக்கு அது நல்லதாகப் போயிற்று. 1790இல் டஹிடிப் பெண்களோடும் ஆண்களோடும் இங்கே வந்து இறங்கி, கப்பலை எரித்துவிட்டு ஒளிந்தவர்கள், 1808 வரை யார் கண்ணிலும் படவில்லை.

அவன் விட்டது இடப்பெயர்கள். ‘வேர் டான் ஃபால்’, டான் விழுந்த இடம். ‘பிரேக் இம் ஹிப்’ என்றால் ஒருவர் இடுப்பை ஒடித்துக்கொண்ட இடம். ‘ஓ டியர்’ என்றே ஓர் இடம் இருக்கிறது. விழுந்தவர்கள்தான் இந்த ஊருக்குப் பெயர் வைத்தார்கள்! போன வாரம் மழையில் செம்மண் சோப்பாக வழுக்கி, குவாட் பைக் என்கிற நாலு சக்கர வண்டியோடு நானும் சரிந்தேன். இன்னும் ஒரு முழம் போயிருந்தால் என் பெயரிலும் ஓர் இடம் வந்திருக்கும். அம்மாவுக்குத் தெரியாது, எழுதிவிடாதே. மழையைத் திட்டவும் மனசு வரவில்லை. கூரையில் விழுந்து தொட்டிக்கு வருவதைத்தானே குடிக்கிறோம்.

எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறான். ஐம்பதுக்குள்தான். உன்னோடு படகேறிப் படிக்கப் போன பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

தீவின் ஒரே ஊரான ஆடம்ஸ்டவுனில் நம் வீட்டை மாடி வீடாகப் போட்டு, ஜன்னலில் அவனையும் வரைந்திருக்கிறான். அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா