பாப்பாவுக்கு, ரிசல்ட் வந்த வாரத்தில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. தினமும் சாயங்காலம் ஆனால் உன் போன் வந்ததா என்று கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. "நான் இங்க வந்திருக்கவே கூடாதுப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னாய். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாய். போனை வைத்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

மீதியைத் தம்பி சொன்னான். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் உனக்கு ஜிபிஏ பத்துக்கு 6.9. 'மெட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' பாடத்தில் சி. இயற்பியலில் பி, பைத்தானில் பி. தமிழர் மரபில் மட்டும் ஓ, எல்லாவற்றிலும் மேலான கிரேடு. உன் அறையில் இருக்கும் மூன்று பேருக்கும் எட்டரைக்கு மேல். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள், நீ மட்டும் போடவில்லை. இரண்டு நாள் மெஸ்ஸுக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சாப்பிட்டிருக்கிறாய். அவனிடம் கோபப்படாதே, அவனும் பயந்துபோய்த்தான் சொன்னான்.

2017-லேயே பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை நம் அரசு நிறுத்திவிட்டது. அன்றைக்கு ஆசிரியர்கள் நாங்கள் பலர் சந்தோஷப்பட்டோம். ஆனால் ரேங்க் ஒழியவில்லை, உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். நானும் அதற்கு உடந்தை. போன வருடம் நீ 600-க்கு 533 வாங்கி, 41 பேரில் முதலாவதாக வந்தபோது பள்ளி வாசலில் உன் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக ஓட்டினேன். 'முதலிடம்' என்பதை உன் பெயரோடு ஒட்டவைத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது அது உரிந்துவரும்போது தோலோடு சேர்ந்து வருகிறது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ராமானுஜன் கதையைச் சொல்வார்கள். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகாமல் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றார், பிறகு உலகமே அவரைக் கொண்டாடியது என்று. நானே வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறேன். உனக்கு அதைச் சொல்ல மாட்டேன். மேதையாக இருந்தால்தான் மார்க் குறையலாம் என்பதுபோல் ஆகிவிடும் அது. மேதை இல்லாத, ஒழுங்காக உழைக்கிற பிள்ளைக்கும் ஒரு செமஸ்டர் சரியாக வராமல் போகும். எனக்கு அப்படிப் போயிருக்கிறது.

1993-ல் நான் திருச்சியில் பி.எஸ்ஸி. இயற்பியல் சேர்ந்ததும், ஊரில் நான்தான் முதல் மார்க் என்பதும் உனக்குத் தெரியும். முதல் செமஸ்டரில் துணைப்பாடமான அலைடு மேத்ஸில் அரியர் விழுந்ததை உன்னிடம் சொன்னதே இல்லை. தாத்தாவிடமும் சொல்லவில்லை. முதல் வகுப்பில் பேராசிரியர் 'வெலாசிட்டி, வெலாசிட்டி' என்கிறார். எனக்குத் திசைவேகம் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் அதை வைத்து எத்தனை கணக்குப் போட்டிருப்பேன்! ஆனால் அவர் சொல்வது அதைத்தான் என்று புரியவே மூன்று நாள் ஆனது. அதற்குள் அவர் வேறெங்கோ போய்விட்டார். பக்கத்து பெஞ்சுப் பையன்கள் தலையாட்டுவதைப் பார்த்து நானும் தலையாட்டினேன். சந்தேகம் கேட்டால் தமிழ் மீடியம் என்று தெரிந்துவிடும் என்று நாலு மாதம் வாயே திறக்கவில்லை. அரியர் விழுந்தபோது எனக்கு மூளை அவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன், மன்னார்குடிக்காரர், என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கணக்குத் தெரியுதுடா, கேள்விதான் தெரியல" என்றார். அன்றைக்கு ராத்திரியே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுத வைத்தார். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

நீ அக்டோபரில் வந்தபோது உன் கணக்கு நோட்டைப் புரட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அணிக்கோவை, நேர்மாறு அணி எல்லாம் உனக்கு மனப்பாடம். ஆனால் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக 'இன்வர்ஸ் = நேர்மாறு', 'லிமிட் = எல்லை', 'ஃபங்ஷன் = சார்பு' என்று எழுதி வைத்திருந்தாய். அதைப் பார்த்துவிட்டும் நான் பேசாமல் மூடி வைத்தேன். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு வேலை செய்யும்போது நீ இரண்டு வேலை செய்துகொண்டிருந்தாய். அந்த இரண்டாவது வேலைக்கு எந்தக் கிரேடும் கிடையாது.

அப்புறம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டு விஷயம். "ஓ, செவன் பாயின்ட் ஃபைவ்ல வந்தியா?" என்று ஒரு பெண் கேட்டதாகத் தம்பி சொன்னான். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். உனக்கு கட் ஆஃப் 168, அவளுக்கு 194. நடுவில் 26. அந்த 26 எங்கே போனது என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நீ பிளஸ் டூ படித்த வருடத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை நம் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி. இயற்பியல்காரனான நான்தான் சாயங்காலம் உட்கார்ந்து கணக்கும் எடுத்தேன். வகைக்கெழுச் சமன்பாடுகளை நாலே நாளில் முடித்தேன். "புக் பேக் ஒன் வேர்டை மட்டும் நல்லாப் பாத்துக்கங்க" என்று நானே சொன்னேன். அப்படியும் நீ கணக்கில் 80 வாங்கினாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று 2021-ல் அந்தச் சட்டம் வந்தது சும்மா இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையில் ஓர் ஆணையம் உட்கார்ந்து, நம் பிள்ளைகள் தொழிற்படிப்புகளுக்கு எவ்வளவு குறைவாகப் போகிறார்கள் என்று பார்த்துச் சொன்ன பிறகு வந்தது. அந்த இடம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. காலியாகக் கிடந்த ஆசிரியர் நாற்காலிகளுக்கு அரசாங்கம் காட்டிய கணக்கு அது. யாராவது மறுபடி கேட்டால் 'ஆமா' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடு.

இன்னொன்று. உங்கள் ரெகுலேஷனை, அதாவது தேர்வு, கிரேடு விதிகளை, தேடி எடுத்து இரண்டு ராத்திரி படித்தேன். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் கிரேடு நேரடியாக மார்க்கை வைத்து வருவதில்லை, வகுப்பு மொத்தமும் எப்படி எழுதியிருக்கிறது என்பதை வைத்து வருகிறது. அதாவது, நீ எழுதிய அதே பேப்பர், வேறு அறுபது பேர் நடுவில் வேறு கிரேடு வாங்கியிருக்கும். உன் வகுப்பில் இருப்பவர்களில் பாதிப் பேராவது அவரவர் பள்ளியில் முதலாவதாக வந்தவர்கள். அத்தனை பேரும் மறுபடி முதலாவதாக வர முடியாது. இது ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே காட்டிய விஷயம். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த பள்ளியில் இருக்கும் பிள்ளை தன்னைக் குறைவாக நினைத்துக்கொள்ளும். பெரிய மீன், சின்னக் குளம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. பிறகு 26 நாடுகளில் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோதும் அதுவேதான் தெரிந்தது. பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைப் படித்தபோது தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுத்திருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

சி கிரேடுக்குக் காரணமே இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். கால்குலஸில் உனக்கு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் என் பங்கும் இருக்கிறது. அதை அடைக்கலாம். ஆனால் 'நான் இங்க வந்திருக்கவே கூடாது' என்பது கால்குலஸைப் பற்றிய பேச்சு இல்லை.

20 வருடமாக பிளஸ் டூ இயற்பியல் விடைத்தாள் திருத்தப் போகிறேன். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. யாருடைய தாள் என்று தெரியாது, டம்மி எண் மட்டும்தான் இருக்கும். ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு தாள் வந்தது. இணைத்தட்டு மின்தேக்கியின் மின்தேக்குத்திறன், ஐந்து மார்க். அந்தப் பிள்ளை படம் போட்டு, ஒவ்வொரு படியாக, கடைசிச் சமன்பாடு வரை சரியாக எழுதியிருந்தது. எழுதிவிட்டு, ஸ்கேல் வைத்துக் குறுக்கே இரண்டு கோடு போட்டு மொத்தத்தையும் அடித்திருந்தது. அடுத்த பக்கத்தில் வேறு ஒன்றை எழுதியிருந்தது, தப்பாக. அடித்த விடைக்கு மார்க் போட முடியாது. நான் தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போனேன். அவரும் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். "விதி விதிதான் சார்" என்றார். படத்துக்குக்கூட அரை மார்க் கொடுக்க முடியவில்லை. அந்தக் கோடு அவசரத்தில் போட்டதில்லை பாப்பா, அழுத்தி, நேராகப் போட்டது. முன்னால் இருப்பவர் வேறு மாதிரி எழுதுவதைப் பார்த்ததா, தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டதா, தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அந்த இரண்டு கோடும்தான் என் கண்ணுக்குள் வந்தது.

ஒரு காரியம் செய். கணக்கு, இயற்பியல் இரண்டுக்கும் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பம் போடு. சில நாள்தான் அவகாசம் இருக்கும், தள்ளிப்போடாதே. மறுமதிப்பீட்டுக்காகக் கேட்கவில்லை. மார்க் கூடினால் கூடட்டும், அது எனக்கு முக்கியம் இல்லை. நீ என்ன எழுதினாய், எந்த வரியில் நின்றாய் என்று நாம் இரண்டு பேரும் பார்க்க வேண்டும். கேள்வி புரியாமல் நின்றாயா, கேள்வி புரிந்து கணக்குத் தெரியாமல் நின்றாயா? இரண்டும் வேறு வேறு வியாதி. ஒன்றுக்கு என் பழைய நோட்டு போதும். மற்றதற்கு நம் பள்ளிக்கு இப்போது வந்திருக்கும் கணக்கு டீச்சரிடம் பேசியிருக்கிறேன். நீ வரும்போது நாலு நாள் காலையில் சொல்லித் தருவதாகச் சொன்னார்கள். பணம் இன்றைக்கே ஜிபேயில் போட்டுவிட்டேன். புதுமைப் பெண் திட்டத்தில் வரும் ஆயிரத்தை எடுத்து இதற்குக் கட்டாதே, அது உன் கைச்செலவுக்கு.

எட்டரை வாங்கிய அந்த அறைத்தோழிகளிடம் ஒரு சந்தேகமாவது கேட்டுப் பார். கேட்க எனக்கு நாலு மாதம் ஆனது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

சித்திரைப் பிறப்புக்கு நாலு நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிடு. நகலைக் கையோடு கொண்டுவா. நான் சிவப்புப் பேனா எடுக்க மாட்டேன், பென்சில்தான். அம்மா உளுந்தங்களி கிண்டுவதாகச் சொல்கிறாள். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியதும் ஒரு போன் பண்ணு. அறந்தாங்கியில் நீ இறங்கும்போது விடிந்திருக்காது. நான் வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா