முதல் நாள் போனைத் தொட விடாதே, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். மே லீவில் சபைப் பிள்ளைகளுக்கு போட்டோ எடுக்கச் சொல்லித் தரப்போகிறாய் என்று நம்ம போதகர் ஐயர் சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ அனுப்பிய பாடத்திட்டத்தையும் பார்த்தேன். முதல் நாளே அபெர்ச்சர் (ஒளி நுழைகிற ஓட்டையின் அளவு), ஷட்டர் ஸ்பீடு (ஒளியை உள்ளே விடுகிற நேரம்), ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணருகிற அளவு) மூன்றையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனத்தை ஒட்டியிருக்கிறாய். வேண்டாம், பாடமும் நிற்காது, வசனமும் நிற்காது.

முதல் நாள் வகுப்பறையை இருட்டாக்கு. ஜன்னல்களைக் கறுப்பு சார்ட்டால் இடுக்கில்லாமல் மூடி, வெயிலடிக்கும் மரத்தைப் பார்த்த ஜன்னலில் மட்டும் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, எதிரே வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டிவிடு. கண் பழகும்வரை கத்துவார்கள், கத்தட்டும். அப்புறம் வெளியே நிற்கிற வேப்பமரம் வேட்டியில் தலைகீழாகத் தெரியும், இலை அசைவதுகூடத் தெரியும். ஒளி நேர்கோட்டில் போவதால் மர உச்சியிலிருந்து வருவது ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிறது, அடியிலிருந்து வருவது மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். கேமரா என்ற லத்தீன் சொல்லுக்கே அறை என்றுதான் அர்த்தம். அந்த இருட்டிலேயே 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்று ஆதியாகமத்தை வாசி, விளக்கம் சொல்லாதே.

ஷட்டர் ஸ்பீடுக்கு நம்ம பாளையங்கோட்டை ஊசிக்கோபுர சர்ச்சிலிருந்து தொடங்கலாம். அந்தக் கோயிலைக் கட்டியது 1826-ல். அதே சமயத்தில், 1826-லோ 1827-லோ, பிரான்சில் நியெப்ஸ் என்பவர் தன் வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்த படம்தான் இன்று மிஞ்சியிருக்கும் கேமரா படங்களிலேயே பழையது. பல மணி நேரம் ஒளி விழுந்துகொண்டே இருந்ததால் அதில் கட்டடங்களின் இரண்டு பக்கமும் வெயில் தெரியும். பிள்ளைகளே காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாம் நாள் போன். ஒரே செம்பருத்தி, காலை 7 மணி, பகல் 12, மாலை 5, ஆளுக்கு மூன்றே படம். 'காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்' என்று ஆண்டவர் சொன்னதை அன்றைக்குத் தனியாகப் போதிக்கவே வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஆறாம் வகுப்பில் எனக்கு இலவச நோட்டு கொடுக்க வந்தவர்கள், படம் சரியாக விழவில்லை என்று அதைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள், சிரிக்கச் சொன்னார்கள், வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றால் போனும் அறியக்கூடாது, தங்கச்சி. உதவி வாங்குகிறவர் முகத்தை எடுக்கவே கூடாது. கண்மூடி ஜெபிக்கிறவரையும் அப்படித்தான். மற்றவர்களிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும், வேண்டாம் என்றால் போனை இறக்கிவிட வேண்டும்.

கறுப்பு சார்ட் வாங்காதே, என்னிடம் கிடக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே எடுத்துக்கொண்டு வருகிறேன், ஜன்னல் ஒட்ட இரண்டு பேராவது வேண்டும்.

அன்புடன்,
அக்கா