நாற்பத்தோராவது பேர்

வேதாரண்யம்
ஐப்பசி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். நீயும் "சாப்பிட்டேன், வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். ஆறு மாதமாக இப்படித்தான். தீபாவளிக்கும் வரவில்லை. உனக்கென்று எடுத்துவைத்த அதிரசத்தை, பூஞ்சை பிடித்த பிறகுதான் அம்மா கொட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டது. உப்பு வாருவது முடிந்து, அகஸ்தியம்பள்ளிப் பக்கம் அம்பாரங்களுக்கெல்லாம் கீற்று போட்டு மூடிவிட்டார்கள். கஜா புயலில் சாய்ந்த மாமரத்துக்குப் பதிலாக நாம் வைத்த ஒட்டுக்கன்று இந்த வருஷம் காய்த்தது. ஏழு காய். அம்மாயி வாசல் திண்ணையை விட்டு நகர்வதில்லை, உன்னைத்தான் கேட்கிறார்கள். நீ அனுப்பும் 8,000 ரூபாய் மாதம் 5ஆம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு களப்பணியில் இருந்த தம்பியைப் பார்த்தேன். புஷ்பவனத்தில் மாலை வகுப்பு நடத்தினானே, அவன்தான். இப்போது இறால் பண்ணையில் இருக்கிறான். உங்கள் ஆபீஸைப் பற்றி ஏதோ சொன்னான். சித்திரைக்குப் பிறகு யாருக்கும் சம்பளம் போடவில்லையாம். ஊரில் ஆயிரம் பேசுவார்கள். நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ரொக்கப் புத்தகத்தை அன்றன்றைக்கு முடித்துவிடு பாப்பா. ராத்திரி எத்தனை மணியானாலும் கையிருப்பை எண்ணி எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் வெளியே போகக்கூடாது. கைமாற்று என்றுகூட எடுக்காதே. ஒரே ஒரு நாளைக்கு என்றாலும் எடுக்காதே.

தொண்டு நிறுவனங்கள் படும் பாடு எனக்குத் தெரியாததில்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மாற்றினார்கள். பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே கிளை வழியாகத்தான் வரவேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. எல்லாவற்றையும்விட, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள். நம்மூர் மாதிரி கடைக்கோடி ஊரில் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் எழுதிக் கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சென்னையில் பெரியவர்கள் வாங்கிக் கொடுத்ததில்தானே இங்கே ஒரு அறையும், ஒரு பீரோவும், என்னைப் போல நாலு ஆளும் இருந்தோம். அந்த வழி அடைந்ததும் எங்கள் அறையைப் பூட்டினோம். புஷ்பவனத்துப் பிள்ளைகள் அதன்பிறகும் ஒரு மாதம் பாயைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வந்து நின்றார்கள்.

அந்த வேலை சின்ன வேலை இல்லை. 1974இல் கடலில் கோடு போட்டுவிட்டார்கள், மீனுக்கும் நீரோட்டத்துக்கும் அது தெரியவில்லை. கோடியக்கரையிலிருந்தும் ஆற்காட்டுத்துறையிலிருந்தும் போனவர்களை இலங்கைப் பக்கம் பிடித்தால், விடியுமுன் நம் வாசலுக்குப் பெண்கள் வந்துவிடுவார்கள். படகின் பதிவு எண், ஆதார் நகல், போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து மனு எழுதி நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸுக்கு நான் கூட்டிப்போவேன். பள்ளிக்கூடம் படிக்கும்போதே நீ அந்த மனுக்களுக்கு நகல் எடுத்தாய். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அங்கிருந்த குமாஸ்தா "யாரு எழுதினது, டைப் அடிச்ச மாதிரி இருக்கே" என்று கேட்டார். என் மகள் என்று சொன்னேன். இருபது பேருக்காவது அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பேன்.

பி.காம். முடித்து நீ இந்த வேலைக்குப் போனதும் எனக்குப் பெருமைதான். அம்மா பாங்குப் பரீட்சை எழுதச் சொன்னாள், நான்தான் தடுத்தேன். சர்தார் வேதரத்தினம் 1946இல் ஆரம்பித்த குருகுலம் இன்றைக்கும் நம்மூரில் நிற்கிறதே, அந்த மாதிரி வேலை என்று பேசினேன். சம்பளம் வராத வேலைக்கு உன்னை அனுப்பியவன் நான். அதனால் உன்னைக் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

சம்பளம் இல்லையென்றால் 8,000 எங்கிருந்து வருகிறது என்று ராத்திரி படுத்தால் மனசு சுற்றுகிறது. நீ பட்டினி கிடந்து அனுப்புகிறாயோ என்று நினைக்கிறேன். கடன் வாங்கியோ என்று நினைக்கிறேன். வேறொன்றும் நினைப்பு வருகிறது, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன். வவுச்சர் இல்லாமல் விடாதே பாப்பா.

இதை எழுத வந்தே நாலு நாளாகிறது. சொல்லிவிடுகிறேன்.

2004இல் சுனாமி வந்தபோது இத்தனை குழப்பம் இல்லை. 2005 ஜனவரியிலேயே நாகப்பட்டினம் கலெக்டர் ஆபீஸில் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்துவிட்டார்கள். எந்தக் குப்பத்துக்கு யார், என்ன கொடுக்கிறார்கள் என்று பிரித்துக்கொண்டோம். என்னைப் பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜா அப்படி இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்து ஓய்ந்த பிறகு மரமும் கம்பமும் விழுந்து ரோடே இல்லை. லாரிகள் மெயின் ரோட்டோடு நின்றன. உள்ளே யாருக்கு எது போகும் என்பது என் நோட்டில் இருந்தது.

நம் நிறுவனத்துக்கு வந்தது 60 தார்ப்பாய். கூரை போன வீடு 140. ஹரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல நீதான் பட்டியல் எழுதினாய், காலேஜ் லீவில் வந்திருந்தாய். 41ஆவதாக உன் மாமா பேரைச் சொன்னேன். நீ பேனாவை நிறுத்திவிட்டு, "மாமாவுக்கு மாடி வீடுல்லப்பா?" என்று கேட்டாய். "சொன்னதை எழுது" என்று அதட்டினேன். நீ எழுதினாய். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தார்ப்பாய் வைக்கோல் போருக்குப் போனது. அவனிடம் 30,000 கடன்பட்டிருந்தேன், உன் பீஸுக்கு வாங்கியது. கேட்டால் மறுக்க முடியாது. அவன் கேட்கக்கூட இல்லை பாப்பா, நானாகத்தான் கொடுத்தேன்.

அவனுக்காக விடுபட்டது யார் என்று உனக்குத் தெரியும். உப்பளத்து அக்கா. ரேஷன் கார்டு அவள் பேரில் இல்லை என்று காரணம் சொன்னேன். மறுநாள் மழையில் நின்றுகொண்டு, "அண்ணே, எம் பேரு விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அடுத்த லாரியில் வரும் என்று சொன்னேன். அடுத்த லாரி கிடையாது என்று எனக்குத் தெரியும். உப்பு அம்பாரத்துக் கீற்றைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு மார்கழி முடியும் வரை கிடந்தாள். இப்போது கீற்று போட்டு மூடிய அம்பாரத்தைப் பார்த்தால் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். அவள் என்னைப் பார்த்தால் "பாப்பா எப்ப வருது அண்ணே?" என்றுதான் கேட்கிறாள்.

ஆடிட்டர் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது, 60 கையெழுத்தும் இருந்தது. ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அந்த நோட்டை ஆபீஸ் பூட்டும்போது நான் எடுத்துவந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. 40 வரைக்கும் உன் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறது. 41 மட்டும் அழுத்தி எழுதியிருக்கிறாய், தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

அந்த அக்காவிடம் நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும் பிறகுதான் தெரியும். உனக்கு முதலில் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

நீ அனுப்பிய ஆறு மாதப் பணம் 48,000 ரூபாயும் பாங்கில் அப்படியே கிடக்கிறது, எடுக்கவில்லை. எங்களுக்கு அரிசியும் மருந்தும் என் பென்ஷனில் நடக்கிறது. எங்காவது திருப்பி வைக்க வேண்டியிருந்தால் ஒரு வார்த்தை சொல், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். போதாதென்றால் கொல்லை மனை இருக்கிறது. காரணம் கேட்கமாட்டேன். இந்த மாதம் எதுவும் அனுப்பாதே. வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு. ரொக்கப் புத்தகத்தை மட்டும் அன்றன்றைக்கு முடித்துவிடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா கோவிலுக்குப் போனால் திரும்ப ஏழரை ஆகும். போன் என் கையில்தான் இருக்கும். இல்லையென்றால் புறப்பட்டு வா. திருத்துறைப்பூண்டியில் இறங்கினால் அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் விட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு சைக்கிளில் வந்து நிற்கிறேன்.

அப்பா