எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடுவதைப் பற்றி உங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதி வருகிறார்கள். அதற்கு வைத்தியம் என்ற பெயரில் பட்டறைகளில் நடக்கும் ஒரு வேலையைப் பற்றி நானும் எழுத வேண்டியிருக்கிறது. காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டர் வைத்த பழைய கார்களின் டேங்குக்குள், பெட்ரோலை பிரஷரில் பீய்ச்சும் புது இன்ஜெக்‌ஷன் கார்களின் பெட்ரோல் பம்பை இறக்கிவிடுகிறார்கள். என் காரிலும் இறக்கினார்கள்.

சப்மெர்சிபிள் மோட்டாருக்கு காயில் கட்டுவது என் தொழில். பீளமேட்டில் 34 வருடம். கார் அப்பா வாங்கியது, 1986 மாடல் பிரீமியர் பத்மினி. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை; ஃபியட் என்றுதான் பேச்சு.

அந்த வண்டியின் சொந்த பம்ப் எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கியது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கேம் ஷாஃப்ட் பம்பின் லீவரைத் தட்டும், உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஏறி இறங்கும், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி முன்னால் கொண்டுவரும். சித்திரை வெயிலில் குன்னூர் மலை ஏறினால் பம்ப் சுட்டு, பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். டயஃப்ரம் ஆவியை உறிஞ்சாது, வண்டி நின்றுவிடும். ஈரத்துணியை பம்பின் மேல் போட்டு அரை மணி நேரம் ஓரங்கட்டி நின்றது எத்தனையோ தடவை. போதாக்குறைக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை டயஃப்ரம் கிழிந்தது.

டேங்குக்குள் பம்ப் என்று சொன்னதும் எனக்கு உடனே பிடித்துப்போனது. கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் 25 அடிக்குக் கீழே தண்ணீர் போனால் உறிஞ்சத் திணறும். தண்ணீருக்குள் இறக்கிய மோட்டார் எத்தனை நூறு அடியானாலும் தள்ளும். உறிஞ்சும் பைப்பில்தான் ஆவி கட்டும், தள்ளும் பைப்பில் அவ்வளவு சுலபத்தில் கட்டாது. பெட்ரோலுக்குள் கரண்ட் மோட்டாரா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மோட்டாருக்கு உள்ளே முழுக்கப் பெட்ரோல்தான் ஓடுகிறது. தீப்பிடிக்கக் காற்று வேண்டுமே. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால்தான் பற்றும், டேங்குக்குள் ஆவி அதைவிட எவ்வளவோ அடர்த்தி. பம்ப் சூடாகாமல் பார்த்துக்கொள்வதும் அதே பெட்ரோல்தான். ஆகவே யோசனையில் தப்பில்லை.

பட்டறையில் டேங்கை இறக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் மேலே வாய் வெட்டினார்கள். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். காலி டேங்கில் தீப்பொறி படுவது போல ஆபத்து வேறில்லை.

ஆறு வாரம் ஊருக்குள் ஓட்டினேன். மைலேஜ் குறைந்தது, காலையில் கரும்புகை வந்தது. கார்ப்பரேட்டர் டியூனிங் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். கல்லாறு தாண்டினோம், பர்லியாறும் தாண்டினோம். அதற்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யக் கையை வைக்கும்போது, "ஏனுங்க, பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குதுங்க" என்றார் மனைவி.

கையை எடுத்தேன். எஞ்சின் சத்தம் இல்லை, ரோட்டில் வேறு வண்டியும் இல்லை. பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரே சீராக ஒரு ரீங்காரம் வந்துகொண்டிருந்தது. லோடில் ஓடும் மோட்டாரின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். எஞ்சின் செத்துக் கிடக்கிறது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது! சாவியைத் திருப்பி அணைத்தேன். பானெட்டைத் தூக்கினால் கார்ப்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் வழிந்து, சுட்டுக்கொண்டிருந்த எஞ்சின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கானல் போல ஆவி நெளிந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றப் போகவில்லை, அந்தப் பொறி ஒன்றே போதும். பேரனைத் தூக்கிக்கொண்டு மூவரும் நூறு அடி கீழே இறங்கிப் போய் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வண்டிப் பக்கம் போனேன்.

ஊருக்கு வந்ததும் நானே பிரித்துப் பார்த்தேன். கார்ப்பரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்குவது சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு பவுண்டு பிரஷர். இன்ஜெக்‌ஷன் பம்ப் கொடுப்பது 40 பவுண்டுக்கு மேல். பிரஷரைக் குறைக்க அவர்கள் செய்தது, லைனில் ஒரு சின்ன வால்வு போட்டுப் பாதி மூடிவைத்ததுதான். கேட் வால்வைப் பாதி மூடினால் தண்ணீர் வருவது குறையும். நீடில் வால்வு மூடுவது போல முனையை அடைத்துவிட்டால் பைப்புக்குள் முழு பிரஷரும் ஏறி நிற்கும். இதை என் பட்டறையில் தினமும் பார்க்கிற நான், வண்டியை எடுக்கும்போது ஒரு பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

டேங்கைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பம்பிலிருந்து மூடிக்குப் போகும் அரை அடி ஹோஸ் ஊறி, உப்பி, இரண்டு விரலால் கசக்கினால் கருப்பு மையாகக் கையில் ஒட்டியது. கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோல் ஹோஸின் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கம் தாங்காது. பெட்ரோலுக்குள் மூழ்கிக் கிடக்க எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் வேண்டும். விலை பல மடங்கு அதிகம், அதனால்தான் போடுவதில்லை.

இப்போது என் வண்டியில் பிரஷரைக் கட்டுப்படுத்தும், ரிட்டர்ன் உள்ள ரெகுலேட்டரை மூன்று பவுண்டுக்கு வைத்திருக்கிறேன். மிச்சப் பெட்ரோல் தனி பைப்பில் டேங்குக்கே திரும்புகிறது. பம்புக்குத் தனி ரிலே, தனி ஃப்யூஸ். டைனமோவால் இந்த லோடை இழுக்க முடியாது என்பதால் அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன். இவ்வளவையும்விட முக்கியம், பம்புக்குப் போகும் கரண்ட் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகப் போகிறது. எஞ்சின் நின்றால் ஆயில் பிரஷர் விழும், பம்ப் நிற்கும். மோதினால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் சேர்த்திருக்கிறேன்.

அப்பா காலத்துப் பம்பில் இந்தப் பாதுகாப்பு தானாகவே இருந்தது. கேம் நின்றால் அதுவும் நிற்கும். புதுக் கார்களில் எஞ்சின் சுற்றவில்லை என்றால் கம்ப்யூட்டர் பம்பை இரண்டு மூன்று வினாடியில் நிறுத்திவிடும். கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் கழற்றிவந்து பழைய காரில் மாட்டினால், வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை அது பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

மலை ஏறாதவர்களுக்கு இவ்வளவு செலவே தேவையில்லை என்பேன். எத்தனால் தாங்கும் டயஃப்ரமும் புது ஹோஸ்களும் போட்டுக்கொண்டு பழைய பம்பையே வைத்திருங்கள்.

போக்குவரத்துத் துறைக்கு உங்கள் மூலமாக ஒரு கோரிக்கை. 15 வருடம் தாண்டிய சொந்தக் கார்களை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்கிறோம். பிரேக் இன்ஸ்பெக்டர் லைட், ஹாரன், பிரேக் எல்லாம் பார்க்கிறார். அப்போதே எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பின்சீட்டில் காதை வைத்துக் கேட்கட்டும். மூன்று வினாடிக்கு மேல் பம்ப் ஓடினால் சரிசெய்து கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிட வேலை. என் ஃபியட்டுக்கும் அடுத்த புதுப்பிப்பு வரும். அவர் கேட்காவிட்டாலும் பின்கதவை நானே திறந்து, கேட்டுப் பாருங்கள் என்று சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
பீளமேடு, கோவை.