மல்லனும் அழுகிறவளும்

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. வீட்டில் வெள்ளையடிப்பு. புத்தகமெல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தோம். உன் மகள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய புத்தகம், ஆங்கிலக் கதாசிரியர் டோல்கீனின் சில்மரில்லியன், கடைசிச் சாக்கில், சமையல் குறிப்புகளுக்கு நடுவே கிடந்தது.

அவருடைய லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதையில் வருகிற காண்டால்ஃப் மனுஷனா, மந்திரவாதியா என்று கேட்டிருக்கிறாள். இரண்டும் இல்லை, சம்மனசு என்று சொல். கதை விடவில்லை. டோல்கீனே 1954இல் இயேசு சபை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், உடலெடுத்து வந்த சம்மனசு என்றுதான் அவரைச் சொல்கிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தூதன் என்று அர்த்தம், அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள் என்கிறார். தேவதூதன் என்றே சொல்லி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உன் அப்பா ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் சம்மனசுகளின் ஒன்பது சபையையும் மேலிருந்து கீழாக ஒப்பிக்கச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? பக்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர்... நாலாவதில் நான் மாட்டிக்கொள்வேன். பூவரசங்குச்சி தயாராக இருக்கும். அதில் அதிதூதர் கீழிருந்து இரண்டாவது படிதான் என்று தெரிந்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. நம் கோயில் மிக்கேல், ஈட்டியும் கையுமாகச் சாத்தானை மிதித்துக்கொண்டு நிற்கிறவர், அவருக்கு எட்டாவது இடமா?

டோல்கீன் கத்தோலிக்கர். ஆனால் இந்த ஒன்பது படியை அப்படியே தூக்கித் தன் உலகத்தில் வைக்கவில்லை. இலூவாத்தார் என்கிற ஒரே கடவுள். அவர் எண்ணத்தில் பிறந்தவர்கள் ஐநூர். (ஐநூறு என்று படித்துவிட்டு நான் எண்ணத் தொடங்கியது தனிக் கதை.) உலகம் உண்டாகும் முன் இவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள், அந்தப் பாட்டுதான் பிறகு உலகமாகிறது. கடவுளுடைய மனசின் எந்தப் பகுதியிலிருந்து ஒருவர் வந்தாரோ, அந்தப் பகுதிதான் அவருக்குப் புரியும். மெல்கோருக்கு எல்லோரிடமும் உள்ளதில் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்திருந்தது. அதுவே வினையாகி, அவன் தனிச் சுருதி பிடித்துப் பாட்டைக் கெடுக்கிறான். உலகத்துக்குள் இறங்கிய ஐநூரில் பெரியவர்கள் வாலார்: ஆண் ஏழு, பெண் ஏழு. அவர்களுக்குக் கீழே அதே இனம், படி மட்டும் குறைவு, மையார். உருவம் இவர்களுக்கு நாம் சட்டை போடுவது மாதிரி, கழற்றி வைத்தாலும் குறைவில்லை.

சுரங்கப் பாலத்தில் காண்டால்ஃபை மறிக்கிற அந்த நெருப்புப் பூதம் பால்ரோக் இருக்கிறதே, அதுவும் மையார்தான், கெட்டுப்போன மையார். அந்தக் கதையின் பெரிய வில்லன் சௌரோனும் அப்படியே. சண்டையெல்லாம் ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்குள்ளே! உன் மகளுக்கு இது பிடிக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் பதினாலு வாலாரில் எட்டுப் பேரை மட்டும் மிக உயர்ந்தவர்கள் என்று டோல்கீன் தனியே பிரிக்கிறார். துல்காஸ் என்று ஒரு மல்லன் இருக்கிறான். ஆயுதம் தொடமாட்டான், சண்டையிலும் சிரிப்பான். மெல்கோரைக் குப்புறத் தள்ளிச் சங்கிலி போட வைத்தவன் அவன்தான். யோசனை கேட்கப் போனால் மட்டும் பிரயோசனமில்லை. நம் மிக்கேல் கணக்குப்படி அவன்தானே முதலில் வர வேண்டும்? எட்டில் அவன் இல்லை. நியென்னா இருக்கிறாள். அவள் வேலை அழுவது.

பெரும்பாலும் அதுதான், சேவியர். ஆதிப் பாட்டு முடிய ரொம்ப நேரம் இருக்கும்போதே அவள் பங்கு ஒப்பாரியாக மாறிவிட்டதாம். அதனால் உலகம் பிறக்கும் முன்பே அதற்குள் அழுகை கலந்துவிட்டது. அழுவதும் தனக்காக இல்லை. அவள் வீடு உலகத்தின் மேற்கு விளிம்பில், சன்னல்களெல்லாம் வெளிப்பக்கம் பார்த்து.

காண்டால்ஃப் மேலே இருந்தபோது பெயர் ஒலோரின். அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய் வருவார், இரக்கமும் பொறுமையும் கற்றது அவளிடம். சௌரோனும், பிறகு காண்டால்ஃபைப் போலவே கீழே அனுப்பப்பட்ட சாருமானும் ஔலே என்கிற கொல்லனின் பட்டறையில் தொழில் படித்தவர்கள். இரண்டு பேரும் கெட்டார்கள். ஒலோரினைக் கீழே அனுப்பியபோது, எனக்குச் சௌரோன் என்றால் பயம், திராணி இல்லை என்றாராம். அதனால்தான் நீ போக வேண்டும் என்று வாலாரின் தலைவர் மான்வே சொல்லிவிட்டார். பசிக்கிற, அலுக்கிற, சாகிற கிழவன் உடம்போடு, பலத்துக்குப் பலம் காட்டக் கூடாது என்ற கட்டளையோடு வந்தார்.

ஆனால் அந்த இரக்கம் எப்போதும் ஜெயிக்கவில்லை. மெல்கோர் மூன்று யுகம் சிறையில் கிடந்துவிட்டு மன்னிப்புக் கேட்டபோது அவனுக்காகப் பரிந்து பேசியது நியென்னாதான். விட்டார்கள். வெளியே வந்தவன் வெளிச்சம் தந்த இரண்டு மரங்களையும் கொன்றான். அவள் போய் அவை நின்ற மேட்டில் நின்று, அசுத்தத்தைக் கண்ணீரால் கழுவினாள். மரம் பிழைக்கவில்லை. கடைசியாக ஒரு வெள்ளிப் பூவும் ஒரு பொற்கனியும் மட்டும் வந்தன, அவைதான் நிலாவும் சூரியனும். அதே இரக்கத்தைக் காண்டால்ஃப், மோதிர ஆசையால் கெட்டுப்போன, கொல்லத்தக்க கோல்லம் மீது காட்டச் சொல்கிறார், அங்கே அது உலகத்தைக் காப்பாற்றுகிறது. இவளை உயர்ந்தவர்களில் வைத்தவர், அவளால் வந்த நஷ்டத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதற்காகவே அவரை நம்புகிறேன்.

உன் அப்பா இறந்த அன்று நான் பந்தல்காரனுக்கும் ஐஸ் பெட்டிக்கும் குழிவெட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அம்மா காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், டாக்டரைக் கூப்பிடலாமா என்று நீயே கேட்டாய். அப்போது கீழத்தெருவிலிருந்து ஒரு கிழவி, பெயர்கூடத் தெரியாது, வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து ஒரே ஒரு வரி இழுத்தாள். அம்மா அவள் மடியில் சாய்ந்துவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். அவளுக்கு ஒரு காப்பிகூடக் கொடுக்கவில்லை என்பது இந்தப் பக்கங்களைப் படித்தபோதுதான் உறைத்தது.

புத்தகத்தைக் கூரியரில் அனுப்புகிறேன். 1977 முதல் அச்சு என்று பெருமை பேச முடியாது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய மலிவுப் பதிப்புதான், அட்டை கழன்றிருக்கிறது. பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம், முதல் நாற்பது பக்கத்தை மெதுவாகப் படித்தால் போதும் என்று மகளிடம் சொல்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்த நாலாவது சபை எது என்று அவர்களிடம் கேட்டு எழுது. இன்னும் வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
தாசன்