சிந்தவிட்ட கதிர்களுக்கு நன்றி

எங்கள் சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வேதத்தில் வருகிற ரூத்தின் கதையை நாங்கள் ஐந்து பெண்கள் பாடின வில்லுப்பாட்டு முடிந்து மேடையை விட்டு இறங்கினவுடனே சொல்லியிருக்க வேண்டிய நன்றி இது. இறங்கினவுடன் எனக்குத் தூக்கம்தான் வந்தது. மறுநாளிலிருந்து கடையில் கணக்கு முடிக்கிற வேலை. பிந்தினாலும், யாரையும் விட்டுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வில்லைக் கொடுத்த அண்ணாவிக்கு. வில்லுக்காக நானும் என் சிநேகிதியும் ஸ்கூட்டியில் நாகர்கோவில் பக்கம் போனோம். காவல்கிணறு தாண்டி முப்பந்தலில் காற்று பிடித்துக்கொண்டது. காற்றாலை நட்டு வைத்திருக்கிற கணவாயில் இரண்டு ஒல்லிப் பெண்கள் ஒரு பழைய ஸ்கூட்டியில் போனால் என்ன ஆகும்? வண்டி நேராகப் போகவே இல்லை, ஒருக்களித்தே போனது. பின்னால் இருந்தவள் ஜெபமாலையை எடுத்துவிட்டாள். "ஏட்டி, உங்க ஜெபத்தையும் சொல்லு, எது கேக்குதுன்னு பாப்போம்" என்றாள். அவள் மணப்பாட்டுக்காரி, ஆர்.சி. கத்தோலிக்கப் பிள்ளை. நான் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட்.

அண்ணாவி வருஷா வருஷம் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு வில்லடிக்கிறவர். சர்ச்சுக்கு வில்லு வேண்டும், அடிக்கப்போவது ஐந்து பெண்பிள்ளைகள் என்றதும் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டே நிபந்தனை சொன்னார். வில்லை யாரும் தாண்டக் கூடாது. தொட்டுக் கும்பிடாமல் தொடங்கக் கூடாது. நான் விழித்ததைப் பார்த்து, "நீ உங்க சாமிய நெனச்சுத் தொடு தாயி, வில்லுக்குத் தெரியும்" என்றார். வாடகை பேசப் போனவர்களுக்கு வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோலைப் பிடிக்கிற விதம் சொல்லிக்கொடுத்து, டீயும் வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

ஆளைவிட நீளமான வில்லை ஸ்கூட்டியில் எப்படிக் கொண்டுவருவது? அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. தோவாளையிலிருந்து பூ ஏற்றிவந்த வேன் அண்ணன் ஒருவர் மூட்டைகளுக்கு மேலே வில்லைப் படுக்கவைத்து எங்கள் ஊருக்குத் திரும்புகிற விலக்குவரை கொண்டுவந்து இறக்கினார். பெயர்கூடக் கேட்கவில்லை. மூன்று நாள் வில்லில் பிச்சிப்பூ மணந்தது. அண்ணே, இது உங்கள் கண்ணில் பட்டால் அது நீங்கள்தான்.

வில்லுக்குத் தாளம் தட்டுகிற குடம் உடைந்த கதை பாதிப் பேருக்குத் தெரியும். ஒத்திகைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது டிரைவர் போட்ட பிரேக்கில் போயே போய்விட்டது. பண்டிகைக்கு இரண்டே நாள். வேளார் தாத்தா பானைகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "இது பேசாது, இது பேசாது" என்று தள்ளிவைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை நீட்டினார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "உடையாம திருப்பிக் கொண்டாந்து காமி" என்றார். காட்டிவிட்டோம் தாத்தா, உடையவில்லை.

நான் வேலை பார்க்கிற கடை அண்ணாச்சிக்கு நன்றி சொல்வதில் கொஞ்சம் வெட்கம் இருக்கிறது. கதையில் பாதியை அவர் கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்தான் எழுதினேன். ஒருநாள் பார்த்துவிட்டார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் எழுதாத பழைய டைரி ஒன்றும், அவர் வீட்டில் தானியம் அளக்கிற மரக்காலும் மேஜைமேல் இருந்தன. ரூத் பொறுக்கினது 'ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை' என்று வேதத்தில் வருகிறதே, அதை மேடையில் காட்டத்தான். எபிரெயர்களின் அந்த அளவு சுமார் 22 லிட்டர் பிடிக்குமாம், நம் மரக்கால் அவ்வளவு கொள்ளாது என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் பிறகு சொன்னார். இருக்கட்டும், நம் ஊர் ரூத்துக்கு நம் ஊர் மரக்கால்.

'ரூத்து' என்றுதான் பாடினோம், அதைச் சிலர் கேட்டீர்கள். எங்கள் வேதாகமத்தில் 'ரூத்'. சிநேகிதியின் திருவிவிலியத்தில் 'ரூத்து'. இரண்டு நாள் சண்டை போட்டோம். குடத்தில் தாளம் தட்டிப் பார்த்தபோது அவள் பக்கத்து 'து'தான் சரியாக வந்து விழுந்தது. தோற்றுப்போனேன்.

வில்லு சுடலைக்கு அடிப்பது, அதுவும் பொம்பளைப் பிள்ளைகளா, என்று வருத்தப்பட்ட பெரியவருக்கும் ஸ்தோத்திரம். அவர் கேட்டதால்தான் பெரியம்மை வாயைத் திறந்தாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நம் சர்ச் வளவுக்குள்ளேயே வேதத்து யோசேப்பு கதை வில்லில் கேட்டாளாம். "அப்ப வராத பாவம் இப்ப எங்கேருந்து வருது?" என்று அவள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஐயர் சிரித்துக்கொண்டே காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்ததும் வில்லுப்பாட்டைப் பந்தலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஐயரம்மா எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே நிறத்தில் சேலை கிடைக்கும்வரை வீடு வீடாகக் கேட்டார்கள். சர்ச் வேலைகளைப் பார்க்கிற கோயில் குட்டியார், மைக்செட் தம்பி, அசன விருந்துக்கு வெட்டின தேங்காய் மட்டைகளுக்கு நடுவே எங்களுக்கு ஒத்திகை பார்க்க இடம் ஒதுக்கின சமையல்காரர்கள், எல்லாருக்கும் நன்றி. அன்று ஒற்றைக் கோழிமுட்டையை 650 ரூபாய்க்கு ஏலம் எடுத்த மாமாவுக்கும்தான். அவர் உண்டாக்கின சிரிப்பு அடங்காத கூட்டம் எங்களுக்குக் கிடைத்தது.

ரூத்தின் புத்தகம் நாலே அதிகாரம், 85 வசனம். சிறுபிள்ளையில் அதை மாமியார் மெச்சின மருமகள் கதையாக மட்டும் கேட்டிருந்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் இரண்டாம் அதிகாரத்தில் வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் வேலைக்காரரிடம் சொல்கிறது கண்ணில் பட்டது: அவள் பொறுக்கிக்கொள்ளும்படி, அரிகளில் கொஞ்சத்தை வேண்டுமென்றே சிந்தவிடுங்கள் என்கிறான். பிச்சை என்று தோன்றாதபடிக்குக் கொடுக்கிறது. அண்ணாவியின் டீயும் வேளாரின் குடமும் அண்ணாச்சியின் டைரியும் அந்த வகைதான். இதை மேடையில் சொல்ல எழுதிவைத்திருந்தேன். சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

அது நடந்தது முதல் அதிகாரத்திலேயே. இன்னொரு மருமகள் ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டுப் போய்விட்டாள், ரூத்து போக மாட்டேன் என்று நிற்கிறாள். ஒத்திகையில் நூறு தடவை பாடின இடம். பாட வாயெடுத்து முன்னால் பார்த்தால், ஒரே பாயில் என் அம்மாவும் பாட்டியும். அப்பா இறந்து 11 வருஷம். அப்பாவைப் பெற்ற பாட்டியை அம்மாதான் வைத்துப் பார்க்கிறாள். நீ உன் தாய்வீட்டுக்குப் போ என்று பாட்டி சொன்னதும், இவள் போகாமல் இருந்ததும் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. பாட்டி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு கதை கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு வரியும் வரவில்லை.

அப்போது என் சிநேகிதி குடத்தை நிறுத்தாமல், "ஏக்கா, மருமக நிக்கா, மாமியா என்ன சொன்னா? அதச் சொல்லாம அழுதா எப்படி?" என்று கேட்டாள். பின்பாட்டுக்காரர் கேள்வி கேட்பது வில்லில் உள்ளதுதான், கூட்டம் அதை வேடிக்கை என்றே நினைத்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னேன். அவள் அடுத்ததைக் கேட்டாள். அப்படியே கேட்டுக் கேட்டு என்னைப் பெத்லகேம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். தூத்துக்குடி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள், மாதத்தில் கிடைக்கிற இரண்டு லீவையும் எனக்காகச் செலவழித்தவள். அவளுக்கு நன்றி சொன்னால் அடிப்பாள். அதனால் முதலூர் மஸ்கோத் அல்வா ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

வில்லு பத்திரமாக அண்ணாவி வீடு போய்ச் சேர்ந்தது, கூடவே உடன்குடிக் கருப்பட்டி ஒரு பெட்டி. அண்ணாச்சியின் மரக்காலைத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். பச்சை மூடித் தூக்குவாளி ஒன்றும், ஓரம் கிழிந்த ஜமுக்காளம் ஒன்றும் இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வந்தால் நான் வீட்டில் இருப்பேன்.