அந்த மஞ்சள் பூவைச் சமைத்துவிடாதே

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி புனேயிலிருந்து நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். உங்கள் அப்பார்ட்மெண்ட் பூங்காவில் தரையோடு படர்ந்திருக்கும் மஞ்சள் பூச்செடி. செடியின் பேர் சொல்லும் ஆப்பில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று வருகிறது, கடையலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் சாமி. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை மூன்று கொம்பாகப் பிரிந்திருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை நீளமாக இருக்கும், இப்படிப் பிரியாது. நீ பார்த்தது அமெரிக்கப் பக்கத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி. பேர் தெரிந்தவர்களே இதையும் அதையும் மாற்றிச் சொல்கிறார்கள். தப்பான பேரோடு ஏற்றிய படங்களைப் பார்த்துப் படித்த ஆப் வேறு என்ன சொல்லும்?

உன் அமுச்சி, அதான் என் அம்மா, எனக்குச் செடியைக் கையில் கொடுத்துத்தான் சொல்லித்தந்தார். வாய்க்கால் ஓரத்து வெள்ளைப்பூக் கரிசலாங்கண்ணியைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொல்வார். பச்சைச் சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். கறுத்த பிறகுதான் மடியில் சேரும். கீழாநெல்லி என்றால் திருப்பிப் பார்க்க வேண்டும், அடியில் கடுகு மாதிரி காய்கள் வரிசையாகத் தொங்கும். முடக்கத்தான் காயை உடைத்தால் கறுப்பு விதையில் அரசிலை மாதிரி ஒரு வெள்ளைக் குறி. மேலேயிருந்து எடுத்த ஒரு போட்டோவில் இதில் எது தெரியும், சொல்லு?

வேலியில் கண்வலிக்கிழங்கு பூத்திருந்தால் மட்டும் எங்களைக் கிட்டவே விட மாட்டார். இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தால் கையை எடு என்பார். அந்தக் கிழங்கு ஆளையே கொன்றுவிடும். அதே மாதிரி, மருந்தடித்த காட்டில் எவ்வளவு நல்ல கீரை முளைத்திருந்தாலும் தொட மாட்டார். செடி சரி, நின்ற இடம் சரியில்லை.

ஆப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அமுச்சிக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது, அதுவும் என்னோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஐப்பசி மழை முடிந்ததும் நாலு நாள் லீவு போட்டு வா. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமுட்டிக்கீரை எல்லாம் காட்டில் முளைத்திருக்கும். இலையின் அடி, பூ, விதை என்று தனித்தனியாகப் படம் எடு, நம்ம ஊர்ப் பேரையும் சேர்த்து ஏற்று. அப்புறம் நானே கடைந்து கம்மஞ்சோற்றோடு போடுகிறேன்.

அதுவரைக்கும் அங்கே கடையில் பாலக் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா